தலையில் வைத்த கை

பரவை மார்க்கெட்டில் அன்னக்கொடியின் தொண்டையைத் தெரியாதவர் கிடையாது. அவள் ஒரு அதட்டல் போட்டால் வெங்காய லாரி தானாகப் பின்னால் நகரும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள், மாப்பிள்ளையைக் கண்டால் மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "மாப்ளயச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் குசுகுசுப்பாள். மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தால்தான் இன்று இந்தக் கதி என்று அடுப்படியில் நின்று தன்னையே வைதுகொண்டிருந்தாள்.

உள்ளறையில் மகள் தமிழ்வாணி வலியில் முனகிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வேண்டாம், அம்மா வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று புருசனும் பெண்டாட்டியும் மாசக்கணக்கில் செல்போனில் வீடியோ பார்த்து முடிவு கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அழகுபாண்டிக்கு ஊர் அவனியாபுரம். வாடகைக் கார் ஓட்டுகிறான். தண்ணீரில் உட்கார்ந்தால் வலி தெரியாதாம் என்று ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வாங்கிவந்து காற்றடித்து வைத்திருந்தான். குழந்தைகள் விளையாடுகிற தொட்டி. சுற்றிலும் மஞ்சள் மீன் படம். எல்லாம் இந்த மனுசன் செய்கிற வேலை என்று அன்னக்கொடி மனசுக்குள் கறுவினாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

சுகாதார நர்ஸ் முருகம்மாள் வீடு தேடி வந்து மன்றாடிப் பார்த்துவிட்டாள். கடைசியாக வந்தபோது அன்னக்கொடியைத் தெருவுக்கு இழுத்துப்போய், "அக்கா, பனிக்குடம் உடைஞ்சு தண்ணி பச்சையா வந்துச்சுன்னா ஒரு நிமிசம் நிக்காதீக. பிள்ளை வயித்துக்குள்ளயே வெளிக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். மூச்சு முட்டிப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் பிடித்த வலி உச்சி வெயிலாகியும் தீரவில்லை. அழகுபாண்டி ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து வாளியில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே ஓடினான். அன்னக்கொடி அதை எடுத்துப் பிரித்தாள். பாசி பிடித்த தண்ணீரில் முக்கியெடுத்ததுபோலப் பச்சையாக இருந்தது.

வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! துணியும் கையுமாக நேரே அறைக்குள் போய் நின்றாள்.

"ஏன் மாப்ள, எம்பிள்ளையக் கொன்னு போட்டாத்தான் உங்களுக்கு ஆறுமா? எடுங்க காரை!"

அழகுபாண்டி அழுதேவிட்டான். அவன் உள்ளங்கையில் கார் சாவி இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் தடம் பதிந்திருந்தது. "விடிஞ்சதுல இருந்து கெஞ்சிக்கிட்டு இருக்கேன் அத்தே. நானா வேணாங்குறேன்? இவதான் மாட்டேங்குறா."

"அவர வையாதம்மா," என்றாள் தமிழ்வாணி. தொட்டியின் விளிம்பில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "நான்தான் ஆஸ்பத்திரி வேணாம்னேன். மொதல்ல இருந்தே நான்தான்."

"ஏன்டி?"

"என்னையப் பெத்தப்ப உன்னைய என்ன பண்ணாக?"

அன்னக்கொடியின் கை தானாக இடது தொடைக்குப் போனது. மார்க்கெட்டே அறிந்த கதை அது. பிரசவ அறையில் வலி தாங்காமல் அவள் கத்தியபோது, ஆயா தொடையில் ஓங்கி அறைந்து, "புருசன்கிட்டப் படுக்கும்போது இனிச்சுச்சு, இப்பக் கசக்குதோ?" என்றாளாம். அன்னக்கொடி அதை ஆயா மாதிரியே மூக்கை விடைத்து நடித்துக் காட்டுவாள். சாக்கு தைக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சின்னப்பிள்ளை தமிழ்வாணியும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நீ சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவ. எனக்கு ஒருநாளும் சிரிப்பு வரலம்மா. என்னைய எவளும் அப்படிப் பேசக் கூடாது. செத்தாலும் இங்கனயே சாகுறேன்."

அடிப்பாவி மகளே, இதையா இத்தனை வருசம் வயிற்றுக்குள் வைத்திருந்தாய்! இப்போதெல்லாம் அப்படி இல்லை, துணைக்கு ஒரு ஆளை உள்ளே விடுகிறார்கள் என்று அன்னக்கொடி சொல்லிப் பார்த்தாள். மகள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அடுத்த வலி வந்தது. கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அது பொய்டி," என்றாள் அன்னக்கொடி.

"எது?"

"அந்தக் கதைதான். என்னைய யாரும் அடிக்கல, ஒரு சொல்லு சொல்லல. நாலு பேரச் சிரிக்க வைக்க நானாக் கட்டிவிட்டது."

தமிழ்வாணி அவளையே பார்த்தாள். "என் தலையில கைய வச்சுச் சொல்லு."

பாண்டிமுனி மேல் சத்தியம், பாண்டிமுனி மேல் சத்தியம் என்று நாளெல்லாம் கூவி வெங்காயம் விற்கிறவள்தான். ஆனால் பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்து விளையாட்டுக்குக்கூட அவள் சத்தியம் செய்ததில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் அது அந்தத் தலையைத்தான் காவு கேட்கும் என்று நம்புகிறவள். கையிலிருந்த பச்சைத் துணியை ஒருமுறை பார்த்தாள். அதைக் கீழே போட்டுவிட்டு மகளின் ஈர உச்சந்தலையில் கையை வைத்தாள்.

"சத்தியமா."

தமிழ்வாணி கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, போவோம்."

விளாங்குடியில் ஒரு மணல் லாரி குறுக்கே நின்றது. கோரிப்பாளையத்தில் வண்டி நகரவே மாட்டேன் என்றது. அழகுபாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் மகளின் தலை அன்னக்கொடியின் மடியில் கிடந்தது. அதைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது. முனியய்யா, பொய் சொன்னவ நான், என்னைய எடுத்துக்க, அவ தலைய விட்டுரு என்று வழிநெடுக வேண்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்த மாத்திரத்தில் ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டு ஓடினார்கள். துணைக்கு ஆள் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "ஒண்ணும் ஆகாதுல்ல அத்தே?" என்று அவன் கேட்டான். அவள் சத்தியம் செய்த கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

கடைசியில் ஒரு நர்ஸ் வந்தாள். "பொம்பளப் பிள்ளை. அழுகக் கொஞ்ச நேரமாச்சு, இப்ப மூச்சு நல்லா இருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க."

"எம்மகளுக்குத் தலையில ஒண்ணும் இல்லையே தாயி?" என்றாள் அன்னக்கொடி. நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் மகளைப் பார்க்க விட்டார்கள். தமிழ்வாணி வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள்.

"யாரும் உன்னைய வையலயே?"

"ஒரு நர்ஸு சத்தம் போட்டுச்சு, இம்புட்டு நேரம் வீட்டுல என்ன பண்ணீங்கன்னு. அது வேற." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கைய ஏம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

அன்னக்கொடிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏத்தா, நான் உன் தலையில கைய வச்சு…"

"பொய்தான சொன்ன? எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அந்தக் கதையச் சொல்லி முடிச்சு எல்லாரும் போனப்பறம், நீ தொடையத் தடவிக்கிட்டே உக்காந்திருப்ப. நான் பாத்திருக்கேன்ல."

"பின்ன எதுக்குடி வந்த?"

"என் தலையில கைய வச்சு நீ பொய் சொல்றேன்னா, நான் சாகப்போறேன்னு அர்த்தம்னு புரிஞ்சு போச்சும்மா."

அன்னக்கொடி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தலை விண்ணுவிண்ணுனு வலிக்குதும்மா. கொஞ்சம் புடிச்சு விடு."

அன்னக்கொடி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.