படத்தில் அழித்த ஷூ

முத்தாபுதுப்பேட்டை சரசாவின் காலிலிருந்து ஷூ மறைந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலே காலுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் மூன்றாவது லைனில், பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. அவள் கழற்றவில்லை, தானாகக் கழன்று விழவும் இல்லை. இருந்தது, இல்லாமல் போனது, அவ்வளவுதான். கழுத்திலிருந்த கம்பெனி டேகையும் காணோம். பத்துக் கால்விரலிலும் வயல் சேறு ஒட்டியிருந்தது. சரசா பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நாற்று நட்டவள் இல்லை. அதே நாலே காலுக்கு, வானகரத்து அடுக்குமாடி ஒன்றின் நாலாவது மாடியில், ராகவன் வீட்டு வாசல் செருப்பு ஸ்டாண்டில், முனையில் இரும்பு வைத்த கறுப்பு ஷூ ஒரு ஜோடி கால் சூடு ஆறாமல் வந்து உட்கார்ந்தது. ஸ்டாண்டின் ஓரத்தில் சரசா, சூப்பர்வைசர் என்று எழுதிய டேக் தொங்கியது. பால்கனியில் மண்டையோடு வரைந்த அபாயப் பலகை ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது.

ராகவன் திருச்சிப் பக்கத்துக்காரன். வாரத்தில் ஐந்து நாள் ஐடி கம்பெனி, ஞாயிற்றுக்கிழமையானால் கேமரா. ஷூ மறைவதற்குச் சில மாதம் முன்பு, இயற்கையோடு மனிதர்கள் என்று ஒரு படவரிசை எடுத்துக்கொண்டிருந்தான். ஏரி கிடைத்தது, கோரைப்புல் கிடைத்தது, மனிதர்தான் அமையவில்லை. அந்த நேரம் பார்த்து, ஓவர்டைம் முடித்து முத்தாபுதுப்பேட்டை ஏரிக்கரை வழியாக நடந்து வந்தாள் சரசா. பதினாறு வருஷம் மிஷினோடு நின்று, அந்த வாரம்தான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். அவளுக்கு என்ன ஒரு சந்தோஷம்! படத்துக்கு நிற்கிறேன், ஆனால் ஒரு கண்டிஷன் என்றாள். "ஷூவும் டேகும் நல்லா தெரியணும் சார். ஊட்ல ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன். எங்க ஊட்ல ஷூ போட்டுக்கினு வேலைக்குப் போற மொத பொம்பள நான்தான்." கண்டிப்பாகத் தெரியும் அக்கா என்று ராகவன் வாக்குக் கொடுத்தான். கொடுத்தபோது மனசில் கள்ளம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தபோதுதான் அந்த ஷூ அவன் கண்ணை உறுத்தியது. ஏரி எவ்வளவு அழகு, முகம் எவ்வளவு அழகு, நடுவில் இது என்ன கர்மம் என்று தோன்றியது. முதலில் டேகை அழித்தான். பின்னால் நின்ற மின்சார டவரை அழித்தான். பிறகு ஷூவையும் அழித்தான். ஷூவை அழித்தால் அங்கே கால் வேண்டுமே! திருவள்ளூர்ப் பக்கம் முன்பொரு நாள் எடுத்த படத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் பாதத்தை வெட்டி ஒட்டினான். படத்துக்கு 'மண்' என்று பெயர் வைத்தான். பரிசும் கிடைத்தது. நகரத்துக் கேலரியில் அதைச் சுவரில் மாட்டி, ஆணியில் நேராக நிறுத்திய நேரம்தான் அந்த நாலே கால்.

கம்பெனி இரண்டு முறை புது ஷூ தந்துவிட்டுக் கையை விரித்தது. சரசாவின் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கரையான்சாவடிக் கடையில் ஷூ வாங்கித் தந்தார், செருப்பு வாங்கித் தந்தார். எதைப் போட்டாலும் ஒரு நாள் தாங்கவில்லை, எத்தனை கழுவினாலும் காலில் அந்தச் சேறும் போகவில்லை. எல்லாம் வானகரத்துக்கே போய்ச் சேர்ந்தன. லைனில் அரசல்புரசலாகப் பேச்சு கிளம்பியது: கம்பெனி ஷூவை விற்றுத் தின்கிறாளாம். மானேஜர் சண்முகசுந்தரம் கெட்டவர் இல்லை. ஆனால் வெறுங்காலோடு லைனுக்குள் விட அவரால் முடியாது. மாதக் கடைசிக்குள் காலில் ஷூ நிற்காவிட்டால் சூப்பர்வைசர் வேலை வேறு ஆளுக்கு, உனக்கு வெளியே தோட்டவேலை என்று சொல்லிவிட்டார். முத்தாபுதுப்பேட்டையில் டவர் இருந்த இடத்தில் டவர் இல்லை. கம்பிகள் மட்டும் பழைய உயரத்தில் நின்றன. மின்வாரிய ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், கரண்ட் வருகிறதா என்று கேட்டார்கள், வருகிறது என்றதும் போய்விட்டார்கள்.

ராகவனுக்கு முதல் நாளே தெரியும். டேகில் பெயரே இருக்கிறதே! ஆனால் வாயைத் திறக்கவில்லை. கண்காட்சி முடியட்டும் என்றான், பிறகு பேட்டி வரட்டும் என்றான். வந்த செருப்புகளையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டான். மனைவி பவ்யா சாக்கைப் பார்த்தாள், டேகைப் பார்த்தாள். "அந்தம்மா வெறுங்காலோட நடக்கிறாங்கன்னு தெரிஞ்சும் உனக்குச் சோறு இறங்குதா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். இறங்கத்தான் செய்தது, அதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் கேலரிக்குப் போய்ப் படத்தை இறக்கி, ஷூவும் டேகும் டவருமாக எடுத்தது எடுத்தபடியே இருந்த அசலை மாட்டினான். பரிசைத் திருப்பிக் கொடுத்தான். யாரையும் பார்க்காமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஓர் ஆசை. டவர் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது, டவருக்கு ரோஷம் இல்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில் ஸ்டாண்டில் இன்னொரு ஜோடி செருப்பு வந்திருந்தது. மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி. சாக்கைக் காரில் போட்டுக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனான்.

ரவிச்சந்திரன் எகிறிக் குதித்தார். "இன்னாயா, படம் புடிக்கிறேன்னு வந்து பொம்பள கால்ல கீற ஷூவ தூக்கினு பூட்டியா? நீயெல்லாம் ஒரு மன்சனா?" சரசா கத்தவில்லை. ராகவன் செல்போனில் காட்டிய படத்தையே பார்த்தாள். "இது யார் காலுப்பா?" என்று கேட்டாள். பெயர் கேட்கவில்லை என்றான் ராகவன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் வித்துத் துன்னுட்டேன்னு சொன்னது லைன்ல கீறவங்கோ. நாளைக்கு ஷிப்ட் மாறும்போது கம்பெனி கேட்டாண்ட வந்து சொல்லு" என்றாள் சரசா.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஸ்க்ரூவானாலும் கேட் புத்தகத்தில் ஏறாமல் உள்ளே போகாது. செக்யூரிட்டி தசரதன் சாக்கை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து எழுதினார். ஷூ ஒன்பது ஜோடி, செருப்பு பதினான்கு ஜோடி, டேக் ஒன்று. இறங்குகிற ஷிப்டும் ஏறுகிற ஷிப்டுமாக இருநூறு பேர் சுற்றி நின்றார்கள். சண்முகசுந்தரமும் வந்து நின்றார். "காரணம் இன்னான்னு போட?" என்றார் தசரதன். ராகவன் முணுமுணுத்தான். "சத்தமா சொல்லு சார், எழுதிக்கினு கீறேன்ல!" ராகவன் சத்தமாகச் சொன்னான்: "இவங்க ஷூவ விக்கல. நான்தான் படத்துல அழிச்சேன். தெரியணும்னு அவங்க சொல்லியும் அழிச்சேன். தெரிஞ்சே மூணு மாசம் மறைச்சேன்." தசரதன் நிதானமாக எழுதினார்: படத்தில் அழித்தது, திருப்பிக் கொடுத்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சரசா டேகை மாட்டிக்கொண்டு, காலைத் துடைத்து, முதல் ஜோடியைப் போட்டாள். நின்றது. உள்ளே போகுமுன் திரும்பி, "படத்துல கால் கீறுதே, அந்தம்மாவையும் தேடிப் போய்ச் சொல்லு நைனா" என்றாள். அதைச் சொல்லும்போதே ஷூவுக்குள் அவள் காலிலிருந்த சேறு மறைந்தது. ராகவனின் சாக்ஸுக்குள் சேற்று ஈரம் ஏறியது.

ஆயிற்று ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் ராகவன் கேமரா எடுக்காமல் திருவள்ளூர்ப் பக்கம் போகிறான், பாதம் மட்டும் தெரிகிற படத்தை வயல் வயலாகக் காட்டி விசாரிக்கிறான். கோடையிலும் அவன் காலில் சேறு காய்வதில்லை. ஆபீஸில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் துடைக்கிற அம்மாளுக்குப் பவ்யா ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறாள். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் எப்போதும் இருக்கும். அவன் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான்.