ஒத்திகை பார்த்த வயிற்றுவலி

டாக்டர் ஆதிகேசவனுக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டியிருந்தது. அதுவும் அவசரமாக. அறுவை சிகிச்சைத் துறையில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் பொன்னேரிக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில், சென்னையிலிருந்து பயிற்சிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களை மேய்த்துக்கொண்டிருந்தார். தை மாதம் டெல்லியில் மாநாடு. அங்கே கட்டுரை வாசித்தால் பதவி உயர்வு நிச்சயம் என்று டீனே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மனைவி ஜானகியம்மாள் தினமும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள்.

அவரிடம் விஷயம் இல்லாமல் இல்லை. வயிற்றுவலிக்காரரை எப்படிச் சோதிப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரே ஒரு புதுப் பாடமுறை உண்டாக்கியிருந்தார். அது பலன் தருகிறது என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நிஜ நோயாளியை வைத்து எப்படிப் பரீட்சை நடத்துவது? காலையில் துடிப்பவர் மத்தியானம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார். ஒரு மாணவனுக்கு லேசான கேஸ், இன்னொருவனுக்குக் கஷ்டமான கேஸ் என்று ஆகிவிட்டால் மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை? அந்தச் சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தார். நோயாளியாக நடிக்க ஓர் ஆளைப் பழக்கி வைத்தால், எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி நோயைக் காட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை, அவர் நடிகர் என்பது மாணவர்களுக்குத் தெரியக் கூடாது.

வெள்ளைக்காரன் தன் நடிகனை எங்கே பிடித்தானோ தெரியாது. ஆதிகேசவன் மீஞ்சூர்ப் பக்கம் தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டும் அருணகிரியைப் பிடித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கூத்து ராஜாவுக்கு மைக் கிடையாது. அடி எடுத்து வைத்தால் தரை அதிர வேண்டும், வாய் திறந்தால் ஊர்க்கோடி வரை கேட்க வேண்டும். அப்படியே பழகியவர் முதல் ஒத்திகையில் கட்டில்மேல் ஏறி நின்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். வலி இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்துக்கு வந்திருக்கிறது என்று ராகம் போட்டு அறிவித்துவிட்டுத் தடாலென்று விழுந்தார். பக்கத்து வார்டில் கால்கட்டோடு கிடந்தவர்கூட நொண்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

குடல்வால் அழற்சிக்காரன், அதாவது அப்பெண்டிசைட்டிஸ் வந்தவன், பாட மாட்டான், அசையக்கூட மாட்டான், குறைத்துக்கொள் ஐயா என்று ஆதிகேசவன் கெஞ்சினார்.

"கொறைச்சிக்கினா, கடைசீல குந்திக்கினு கீறவனுக்கு எப்புடி சார் தெரியும்?" என்றார் அருணகிரி. கலைஞனுக்கு உரிய நியாயமான கவலை.

ஒரு வழியாகப் பாட்டை நிறுத்தினார்கள். உருளுவதை நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் ஆதிகேசவன் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். வேஷம் கலையவே கூடாது. யார் கேட்டாலும், நானே வந்து கேட்டாலும், நிஜமாகவே வலிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அருணகிரிக்கு இது புதிதில்லை. வேஷம் கட்டிவிட்டால் பெண்டாட்டி கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத ஆள் அவர்.

பரீட்சை வாரக்கணக்கில் நடந்தது. கோஷ்டி கோஷ்டியாக மாணவர்கள் வந்தார்கள். ஆதிகேசவன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போட்டார். குறுக்கே போய்க் கை வைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பதால் அருணகிரியை அவர் தொட்டதே இல்லை. முடிவோ அபாரம். உள்ளே போன ஒவ்வொருவனும் வெளியே வந்து, குடல்வால் அழற்சி சார், உடனே ஆபரேஷன் செய்யணும் என்றான். எல்லாருக்கும் முழு மதிப்பெண். பத்துக்கு மூன்று பேர் தேறினாலே பெரிது என்றிருந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. டெல்லிக்கு என்ன கோட்டுப் போட்டுக்கொள்வது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

கடைசிக் கோஷ்டி வந்த நாள். திரை இடுக்கில் எட்டிப் பார்த்த ஆதிகேசவனுக்கு உடம்பே சிலிர்த்துப்போயிற்று. அருணகிரி உருளவில்லை, முனகவில்லை. வலது காலை மடக்கிக்கொண்டு, முகம் வியர்த்து, அசையாமல் கிடந்தார். பாடப் புத்தகத்தில் அச்சடித்து வைத்தது போல இருந்தது. ஆனந்தம் தாங்காமல் அருகே போய்க் குனிந்தார்.

"நெஜமாவே வலிக்குது சார்," என்றார் அருணகிரி. குரல் எழும்பவில்லை.

"பலே. இதுதான்யா நடிப்பு. இத்தனை நாளா இதைத்தானே கேட்டேன்?" என்றார் ஆதிகேசவன்.

கட்டிலோரம் அருணகிரியின் மனைவி செங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். ராத்திரியிலிருந்து ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை என்று அழ ஆரம்பித்தாள். ஆதிகேசவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அருமையாக அமைந்த நாளில், கேட்காமல் கொள்ளாமல் இன்னொரு பாத்திரத்தைச் சேர்த்துவிட்டானே இந்த மனுஷன். நாளைக்கு மிருதங்கமும் வருமா? அந்த அம்மாளை வெளியே உட்காரச் சொன்னார்.

அந்தக் கோஷ்டியில் முதலில் ஜெயராஜ் என்ற மாணவனும் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிற்றை ஒப்புக்குத் தொட்டார்கள். குடல்வால் அழற்சி, உடனே ஆபரேஷன் என்றார்கள். முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள்.

கடைசியாக ஹனீப். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி வீட்டுப் பையன். இந்த வாரம்தான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். மற்றவர்களோடு ரயிலில் வராமல் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வருகிறவன். வெகுநேரம் சோதித்துவிட்டு வந்து அவனும் அதையேதான் சொன்னான். குடல்வால் அழற்சி சார், உடனே ஆபரேஷன் செய்யணும். ஆதிகேசவன் முழு மதிப்பெண் போட்டு, போகலாம் என்றார்.

அவன் போகவில்லை.

"தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிட்டேன் சார். நீங்க கை கழுவினா ஆரம்பிச்சிடலாம்," என்றான்.

ஆதிகேசவன் சிரித்துவிட்டார். பரீட்சைதான் முடிந்ததே என்று ரகசியத்தை உடைத்தார். பயப்படாதே அப்பா, அவர் கூத்து நடிகர், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்றார். ஹனீப் சிரிக்கவில்லை.

"காய்ச்சலையும் நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா சார்?"

ஆதிகேசவன் திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினார். முதல்முறையாக அந்த வயிற்றில் கை வைத்தார். பலகையாக இறுகிக் கிடந்தது. அருணகிரி அவரைப் பார்த்து, "நெஜமாவே வலிக்குது சார்," என்று மறுபடியும் சொன்னார். வேறு வார்த்தை சொல்ல அவருக்கு அனுமதி ஏது? அத்தனை வழியையும் அடைத்து வைத்தவர் ஆதிகேசவன்தானே.

டீக்கடையிலிருந்து ஜெயராஜை இழுத்துவந்தார்கள். தியேட்டர் வாசலில் முகக்கவசம் கட்டிக்கொண்டே அவன் எல்லாவற்றையும் கக்கினான். மீஞ்சூரில் ரயில் ஏறும் அருணகிரி, ஆஸ்பத்திரி வந்து சேரும் வரைக்கும் பெட்டியிலேயே ஒத்திகை பார்ப்பாராம். அதே ரயிலில் வரும் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டுவார்களாம். அவர் நடிகர் என்பது முதல் வாரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும்.

"இன்னிக்கு மட்டும் ஒத்திகை பண்ணலை சார். மூலையில சுருண்டு படுத்துக்கிட்டாரு. மூடு சரியில்லைன்னு நெனச்சோம்," என்றான்.

வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருந்தால் செங்கம்மாளுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம் என்ற நினைப்பு ஆதிகேசவனை விடவில்லை. தையல் போடும் வேலையை ஹனீப்பிடம் விட்டுவிட்டார்.

கட்டுரை ஒழிந்தது. எல்லாரும் சரியான விடையைச் சொன்னார்கள், சொன்னதை ஒருவன்தான் நம்பினான் என்று எழுதினால் டெல்லியில் எவன் கேட்பான்? ஜானகியம்மாளிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையோடு மறுநாள் வார்டுக்குள் போனவர், அருணகிரியைப் பார்த்ததும் அதையும் மறந்தார். என்னை மன்னித்துவிடு ஐயா, நான் செய்தது பெரிய தப்பு என்று செங்கம்மாள் எதிரிலேயே சொன்னார்.

அருணகிரி அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. அவருக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"இத்தினி நாளா திட்டிக்கினே இருந்தீங்க. நேத்துதான் 'இதுதான்யா நடிப்பு'ன்னீங்க. உசுரு போற வலியில கூட அத்தக் கேக்க சொகமா இருந்துச்சு. மெய்யாதான் சொன்னீங்களா சார்?"

ஆதிகேசவன் மெய்தான் என்று தலையசைத்தார். அருணகிரி செங்கம்மாளைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

"இல்ல சார்."

அந்தப் பேச்சை நம்பாமல், போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.