நாங்க இல்ல, நாம

"அப்பா, நாங்க புது ஊருக்குப் போனதும் பூனை வளக்கலாமா?" என்று வாய் நிறையப் பற்பசை நுரையோடு கேட்டாள் மகள். நேர்முகத்துக்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என்ன கேட்டாள் என்பதை விட்டுவிட்டு எப்படிக் கேட்டாள் என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க இல்ல குட்டி, நாம. நாங்கன்னா அதுல நான் இல்லன்னு அர்த்தம். நாமன்னாத்தான் நானும் உண்டு. எத்தனை தடவை சொல்றது?"

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு இந்த ஊர் மொழியில் என்னவோ முணுமுணுத்தாள். இந்த ஊர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆளைச் சேர்த்துக்கொண்டார்களா விட்டுவிட்டார்களா என்று கேட்பவனே ஊகித்துக்கொள்ள வேண்டும். பூனைப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

"அவ வாயத் திறந்தாலே திருத்தறீங்க. அப்புறம் எப்படி நம்மகிட்ட தமிழ்ல பேசுவா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"தப்பாப் பேசினா திருத்தாம கொஞ்சச் சொல்றியா?"

அவள் குக்கரை நங்கென்று இறக்கி வைத்தாள்.

நானும் அவளும் ஒரே நாளில்தான் இந்த ஊரில் வந்து இறங்கினோம். அன்று இருவருக்கும் தெரிந்தது வணக்கமும் நன்றியும் மட்டும். அவள் முடி வெட்டும் கடையில் சேர்ந்தாள். அந்தத் தொழிலில் கை ஓடும்போது வாய் சும்மா இருக்க முடியாது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் மருமகள் சண்டை, மூட்டுவலி, மாடிவீட்டுக்காரனின் குடி என்று கொட்டித் தீர்ப்பார்கள். அவள் மொழி படிக்கவில்லை, ஊர்வம்பு கேட்டாள். மொழி கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. நேற்று வருவேன், நாளைக்கு வந்தேன் என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள், வேலை நடக்கும். எனக்கு வாய்த்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடம். ஆள் உயர இயந்திரங்கள், காது கிழியும் இரைச்சல், காதில் அடைப்பான். கட்டைவிரல் மேலே என்றால் போடு, கீழே என்றால் நிறுத்து. அங்கே பேச்சு அவ்வளவுதான். அதனால் மாலை வகுப்புக்குப் போனேன். வினைச்சொல் அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிப்பேன். எழுத்துத் தேர்வில் வகுப்புக்கே நான்தான் முதல். அந்த மார்க்கு நாக்கு வழிக்கத்தான் ஆயிற்று, பேச ஆகவில்லை.

ஒரு முறை துணிந்து காய்கறிக் கடையில் தக்காளி விலை கேட்டேன். "அப்பா, அப்படி இல்ல" என்று மகள் நடுவில் புகுந்து திருத்தினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு விரலை நீட்டி வாங்கி வந்துவிடுவேன். ஊமைக்கு ஒரு மரியாதை இருக்கிறது, உளறுகிறவனுக்கு அதுவும் இல்லை.

இப்போது மனைவியின் முதலாளியம்மா வேறு ஊரில் இன்னொரு கடை திறக்கிறாள். பொறுப்பு மனைவிக்கு. கடைக்கு மேலேயே வீடு, மகளுக்குப் பள்ளியிலும் இடம் கிடைத்துவிட்டது. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் எங்கள் கம்பெனிதான் துணி வெளுக்கிறது. ஆனால் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம்: வார்டுகளிலிருந்து வரும் போனை எடுத்துப் பதில் சொல்லித் துணி அனுப்புகிற வேலை. கிடைத்தால் மூவரும் சேர்ந்து போகலாம். கிடைக்காவிட்டால் நான் மட்டும் இங்கே ஒரு அறை பிடித்துத் தங்க வேண்டும். என் லட்சணத்துக்கு வேறு இடம் எப்போது அமையுமோ.

நேர்முகம் செய்தவள் நல்ல மாதிரி. அதுதான் இன்னும் எரிச்சல். கையைப் போன் போலக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, குழந்தைகள் வார்டிலிருந்து பேசுகிறேன். போர்வை இன்னும் வரவில்லையே?" என்றாள். பதில் எனக்குத் தெரியும். போர்வை தடிமன், காயத் தாமதமாகும், அரை மணியில் அனுப்பிவிடுவோம். தமிழில் என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மண்டைக்குள் வாக்கியத்தை அடுக்க ஆரம்பித்தேன். இந்த ஊர் மொழியில் சாமான்களுக்கெல்லாம் ஆண், பெண் உண்டு. போர்வை பெண். சரி. பல போர்வைகள் என்றால் வினையின் வால் மாறும். எப்படி மாறும்?

"ஹலோ?" என்றாள் மறுபடியும்.

"வரும்" என்றேன்.

"எப்போது?"

அரை மணி என்பதற்கு எந்த உருபு வரும் என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் கையைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு காது கேட்காதவனிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள். நல்ல உழைப்பாளி என்றாள். போனில் இருப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்றாள். பாழாய்ப்போன அந்தப் பேச்சில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. படி இறங்கும்போது போர்வை வாக்கியம் முழுசாக, பிசிறில்லாமல் வாயில் வந்து நின்றது. படிக்கட்டுக் கைப்பிடியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"வரும்னேன்."

"நீங்க சொன்னத கேக்கல."

"வேணாம்னுட்டாங்க."

கொஞ்ச நேரம் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் எத்தனை பேர் சிரிப்புக்கு நடுவுல பேசக் கத்துக்கிட்டேன். அதுல பாதியாவது நீங்களும் வாங்கிக்கிட்டிருக்கலாம்."

"எனக்கு அந்த வெக்கங்கெட்டதனம் வராது."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. இதில் மட்டும் தடங்கலே இல்லை, என்ன சரளம்! அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். மகளிடம் தணிந்த குரலில் வெகுநேரம் பேசுவது கேட்டது. என்ன பேசினாள் என்று காதில் விழவில்லை.

பிறகு மகள் பொம்மைப் பெட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். கையில் ஒட்டுநாடா. என் முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள்.

"அப்பா, நாங்க... சனிக்கிழமை போறோம். நீங்க எப்ப வருவீங்க?"

பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது. "நாங்க இல்..." என்று தொண்டைவரை வந்தது அப்படியே நின்றது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியாச் சொன்னேனாப்பா?"

நான் ஒட்டுநாடாவை வாங்கிக்கொண்டேன். நுனி உருளையோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி உருளையைத் திருப்பினேன். அவள் பெட்டியின் இரண்டு மூடிகளையும் கையால் அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.