மூன்றாம் கிடங்கு இல்லாத படம்

மாமா, இதை நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும். அம்மா, பதறாதே, வேலை போகவில்லை. உட்கார்ந்து தட்டப் பொறுமை இல்லை, அதனால் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாதான், "நீ வேலை பாக்குற இடத்தைக் காட்டுடி" என்றாள். வீடியோ காலில் பேசிக்கொண்டே இரண்டு பக்கமும் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தோம். இந்த வெளிநாட்டில் நான் மருந்துப் பெட்டி அடுக்கும் கிடங்கைத் தேடப்போய், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராணுவ ஓடுதளம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் கண்ணில் பட்டுவிட்டது.

"பாப்பா, பெருசாக்கு, பெருசாக்கு! நிழலைப் பாரு, நிழல்லதான் வால் தெரியும். நாலு எஞ்சின்! டாங்கியையே முழுங்குற சரக்கு விமானம்டி இது!"

"மாமா, அம்மா கேட்டது நான் இருக்குற இடத்தை."

"நீ எங்க ஓடிப்போகப்போற? பக்கத்துல ரெண்டு குட்டி நிக்குது பாரு, அது சண்டை விமானம்!"

நானும் சிரித்தேன். அதுவரைக்கும் தப்பில்லை. அப்புறம் அந்தப் படத்தை வெட்டி, கீழே ஒரு வரி போட்டு, ஊர் முழுக்க அனுப்பினீர்களே: 'என் மருமகள் வேலை செய்யும் இடத்தில் அவளே எடுத்த படம்!'

ஏன் மாமா? போன் வைத்திருக்கும் யாரும் பார்க்கக்கூடிய படம் அது. நான் எடுத்தேன் என்று சொன்னால் உங்கள் தலையில் கிரீடமா வைக்கப்போகிறார்கள்?

அது வாட்ஸ்அப்பில் குழு குழுவாகத் தாவி, இங்கே என்னோடு வேலை செய்யும் நம் ஊர் ஆள் ஒருவரின் போனுக்கு வந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

இன்று காலை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியம்மாவும் உட்கார்ந்திருந்தார். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாள். 'மூன்றாம் கிடங்கின் கூரையில் ஏறி, டிரோன் பறக்கவிட்டு, ராணுவ விமானங்களைப் படம் எடுத்தேன்.' கீழே என் பெயர். கையெழுத்துக்கு மட்டும் கோடு.

"போட்டுடும்மா. போட்டா வேலை மட்டும்தான் போகும். இல்லேன்னா விசா அலுவலகத்துக்கு எழுதணும்," என்றார் மேலாளர்.

மேலிருந்து எடுத்த படம் என்பதால் டிரோன் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். டிரோனை நான் கடையில்கூடத் தொட்டதில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்தால், அவர் தலைக்கு மேலே ஒரு நாட்காட்டி. அதே ஓடுதளம், அதே நாலு எஞ்சின். மூலையில் மேலாளரின் பெயர்.

"சார், இது யார் எடுத்தது?"

"நான்தான். வேலி ஓரமா நின்னு எடுத்தேன். பொழுதுபோக்கு."

"நீங்க எடுத்தா பொழுதுபோக்கு. வரைபடத்துல இருக்குறதை எங்க மாமா பாத்தா, நான் உளவாளியா?"

அவர் முகம் சிவந்தது. "நீயே எடுத்ததா எழுதியிருக்கே?"

"எழுதினது எங்க மாமா சார். எங்க குடும்பத்துல பெருமை பேசுறதுக்குக் கணக்கு வழக்கே கிடையாது."

என் போனில் அதே படத்தைத் திறந்து அதிகாரியம்மாவிடம் நீட்டினேன். "மேடம், இது வேலி. வேலியை ஒட்டி மூணாம் கிடங்கு இருக்கணும். எங்க இருக்கு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வெறும் புல்தரை. வரைபடத்தில் இருப்பது பழைய படம், மாமா. நீங்களும் பார்க்கவில்லை, நானும் அன்று பார்க்கவில்லை. மூன்றாம் கிடங்கு கட்டி மூன்று வருஷம் ஆகிறது என்று அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது. நான் வந்து எட்டு மாதம்.

"இல்லாத கூரையில ஏறி நான் எப்படி மேடம் டிரோன் விட்டேன்?"

அதிகாரியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "அந்தக் கிடங்கை நீங்கதானே சார் திறந்துவச்சீங்க?" என்று மேலாளரைக் கேட்டார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "சரி சரி, போய் வேலையைப் பாரு. லாரி காத்துக்கிட்டு இருக்கு."

மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கிழிந்த தாளைக் கேட்டேன், தரவில்லை. வெளியே நம் ஆள், "எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா" என்று இளித்தார். பதில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். போய்ப் பெட்டி அடுக்கினேன்.

மாமா, நீங்கள் எத்தனை குழுவில் இருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். இருபத்தேழாம். இருபத்தேழிலும் எழுதுங்கள்: 'அந்தப் படத்தை என் மருமகள் எடுக்கவில்லை, நான் பொய் சொன்னேன்.' சிரிக்கிற பொம்மை எதுவும் போடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எனக்குப் படம் பிடித்து அனுப்புங்கள். இருபத்தேழும் வந்த பிறகுதான் உங்களோடு பேசுவேன்.