பெயின்றுக்கு மேல் தார் ஒட்டாது

எங்கள் ஓலைத்தொடுவாய் வீதிக்குப் புதுத் தார் ஊற்றிக் காப்பெற் போட வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எத்தனை வருடமாகக் கத்தினோம்! வெயிலில் தார் காய்ந்து வெடித்து, கடற்காற்று அந்த வெடிப்புக்குள் உப்பையும் மணலையும் அள்ளிப் போட்டு, கல்லெல்லாம் கிழவன் பல்லுப்போலக் கழன்றுகொண்டிருந்தது. அரசாங்கக் கந்தோரில் போய்ச் சொன்னால் கதிரையில் இருக்கச் சொல்வார்கள். இருந்துவிட்டு வருவோம். அந்த உதிரிக் கல்லில்தான் ஏழு வருடத்துக்கு முன் என் மகன் ஜெனோஜனின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. மீனுக்கு ஐஸ் எடுக்கப் பேசாலைக்குப் போனவன். பதினாறு வயது. எங்கள் வீட்டுப் படலை வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் விழுந்து கிடந்தான்.

பொலிஸ்காரர் வந்து அவன் கிடந்தபடியே உடம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டார்கள். எங்கே விபத்து நடந்தாலும் போடுவார்கள், இரண்டு மழைக்கு அழிந்துவிடும். இந்தக் கோட்டை என் மனைவி றஞ்சிதம் அழிய விடவில்லை. மரித்தோர் தினம் வந்தால் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்தும். இவள் வீதிக்குப் போவாள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், குந்தியிருந்து, கோட்டின் மேலே அடித்து உள்ளேயும் நிரப்பிவிடுவாள். ஒரு வருடம் நீலம், ஒரு வருடம் பச்சை. படகுக்கு எந்த நிறமோ பிள்ளைக்கும் அந்த நிறம்.

"சேமக்காலைக்கு வாவன்" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"அங்க நாங்கள் கொண்டுபோய் வைச்சது. இஞ்சதான் அவன் கிடந்தவன்" என்றாள்.

எனக்கென்றால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் எனக்கு அழுகை வந்ததில்லை. சனம் என்னைக் கல்நெஞ்சன் என்று கதைத்தது. கதைக்கட்டும். கல் என்றால் பாரமாவது தெரியும், எனக்கு அதுகூடத் தெரியவில்லை. சாப்பிட்டேன், கடலுக்குப் போனேன், வந்து படுத்தேன். அந்த இடம் வந்தால் மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

வீதி வேலைக்காரர் வந்த அன்று காலை வீட்டில் தேத்தண்ணி இல்லை. தேடிப் போனால், றஞ்சிதம் நடுவீதியில் அந்தப் பெயின்றுக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருக்கிறாள். ஒரு பக்கம் வீதியைக் கூட்ட விளக்குமாறுகளோடு பெண்கள். மற்றப் பக்கம் தார் வண்டியும் றோலரும் உறுமிக்கொண்டு நிற்கின்றன. வேலையை நடத்துகிற ஓவசியர் பஸ்ரியன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, அம்மாவை எழுப்புங்கோ. நான் எழுப்ப மாட்டன். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"எனக்கு ஏலுமெண்டால் உமக்கு முன்னமே எழுப்பியிருப்பன், தம்பி."

றஞ்சிதம் சத்தம் போடவில்லை. "சுத்திப் போடுங்கோ தம்பி" என்று பஸ்ரியனைப் பார்த்துச் சொன்னாள். "இவ்வளவு இடத்தை மட்டும் விட்டிடுங்கோ. ஒரு பாய் விரிக்கிற இடம். அரசாங்கத்துக்கு அதில என்ன குறைஞ்சு போகும்?"

பஸ்ரியன் அவளுக்கு முன்னால் குந்தினார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்.

"விடலாம் அம்மா. ஆனா கேளுங்கோ. புதுத் தாருக்கும் பழசுக்கும் இடையில ஒரு விளிம்பு நிக்கும். வெயிலுக்கு அது இளகும், மாரிக்கு உள்ளுக்கத் தண்ணி போகும். பிறகென்ன, கிடங்கு விழும், கல் உதிரும். மோட்டச்சைக்கிளில வேகமா வாற பிள்ளைக்கு அது தெரியாது."

அவள் பெயின்றைக் கையால் தடவினாள். "அப்ப இதுக்கு மேலேயே போடுங்கோ. கண்ணுக்குத் தெரியாட்டிலும் கீழ இருக்கட்டும்."

"பெயின்றுக்கு மேல தார் ஒட்டாது அம்மா. பாரவண்டி ஒண்டு பிரேக் பிடிச்சா தோலாக் கழண்டு வந்திடும். சுரண்டத்தான் வேணும்."

அவள் அசையவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கோபம் வந்தது. பஸ்ரியன் மேல் அல்ல, இவள் மேல்.

"எழும்படி!" என்று கத்தினேன். "றோட்டு பழுதாக் கிடந்தபடியாத்தான் அவன் செத்தவன். இப்ப திருத்த வரேக்க நீ மறிச்சுக்கொண்டு இருக்கிறாய். இன்னொருத்தியின்ர பிள்ளையும் இதில வந்து கிடக்கோணுமோ?"

விளக்குமாறுப் பெண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். றஞ்சிதம் மெல்ல எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டாள்.

"வேற ஆரும் தொடவேண்டாம்" என்றாள். "நீங்களே சுரண்டுங்கோ."

படகின் அடியைச் சுரண்டுகிற இரும்பை வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். அப்போதுதான் அதை முதல்தடவை நேராகப் பார்த்தேன். ஐயோ, என்ன பெரிசு! ஜெனோஜன் என் தோளுக்குக் கீழே நின்றவன். இது என்னைவிட நெடிய, அகலத் தோள் வைத்த ஓர் ஆம்பிளை.

"இது ஆர்?" என்றேன். "இவ்வளவு உயரமோ எங்கட பிள்ளை?"

"கோட்டுக்கு மேலதானே அடிச்சனான்" என்றாள்.

விளங்கியது. பழைய நிறத்தை மறைக்க வருடா வருடம் தூரிகை விரலளவு வெளியே போயிருக்கிறது. அவளும் அந்த உருவத்தைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"இருந்தா இப்ப இவ்வளவு வந்திருப்பான்" என்றாள்.

நான் குந்தியிருந்து சுரண்டத் தொடங்கினேன். வெயிலுக்குப் பெயின்ற் இளகி நாடா நாடாவாக வந்தது. சிவப்புப் போனது. பச்சை போனது. பிறகு நீலம். ஒவ்வொரு நிறம் கழலும்போதும் அந்த ஆம்பிளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வந்தான். என் மனதில் ஒன்றுமில்லை, கை மட்டும் பழகிய வேலையைச் செய்தது. கடைசியில் பொலிஸ்காரர் போட்ட வெள்ளைக் கோடு வந்தது. குந்தியிருந்த இடத்திலிருந்தே ஒரு கையால் தலையையும் மறு கையால் காலையும் தொடலாம். தொட்டேன்.

றஞ்சிதம் வந்து குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானோ இருந்தவன்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, இந்தளவு பிள்ளையிட்டயோ நாங்கள் மோட்டச்சைக்கிளைக் குடுத்தனாங்கள்?"

அவள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் விளக்குமாற்றை வாங்கி, சுரண்டிய தூளையெல்லாம் ஓரத்துக்குக் கூட்டித் தள்ளினாள். ஒரு துகள் விடவில்லை.

"அடியுங்கோ தம்பி" என்றாள்.

தார் வண்டி நகர்ந்து வந்து, எனக்கு அருகில் நின்றுவிட்டது. பஸ்ரியன் ஓடிவந்து, "ஐயா, எழும்புங்கோ, தார் கொதிக்குது" என்றார். கேட்டது. ஆனால் எழும்ப முடியவில்லை. கோட்டின் தலையிலிருந்த கையும் காலிலிருந்த கையும் என் சொல்வழி கேட்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அது நான்தான் என்று விளங்கவே நேரமெடுத்தது. றஞ்சிதம் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து, என் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.