ஐனார் ஹாகனின் ஓட்டு

பதினொரு மணிக்கு அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். லோர்னா அதற்கு முன்பே கறுப்பு உடுப்போடு ஊர் மண்டபத்து வாக்குச்சாவடிக்கு வந்து, இறப்புச் சான்றை மேஜைமேல் வைத்தாள்.

சாவடியின் தலைமை அலுவலர் மார்லிஸ் அதைத் தொடவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது, லோர்னாவின் அப்பா ஐனார் ஹாகன் முப்பத்தொரு வருடம் தேர்தல் நடத்திய நாற்காலி. கண் மங்கிப்போய் போன வருடம்தான் அவளிடம் விட்டார். இரண்டு வாரம் முன்பே தபால் ஓட்டை அனுப்பிவைத்தவர், ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். தேர்தலுக்கு முன் செத்தவரின் தபால் ஓட்டு உறையைப் பிரிக்கக்கூடாது என்பது விஸ்கான்சின் மாநிலச் சட்டம். ஆனால் அதற்குச் சான்று அலுவலர் கைக்கு வரவேண்டும்.

"நான் இன்னும் இத பாக்கல. உன் பைக்குள்ள போட்டுட்டுப் போ, லோர்னா. அவர் ஓட்டையும் மத்ததோட சேத்து எண்ணிடறேன்," என்றாள் மார்லிஸ்.

லோர்னாவுக்கும் ஆசை இருந்தது. மூன்று தலைமுறையாகக் குடியரசுக் கட்சிக்குப் போட்ட வீட்டிலிருந்து, ஜனநாயகக் கட்சி சார்பில் மாவட்டப் பொருளாளர் பதவிக்கு நிற்கிறாள். போன முறை அந்தப் பதவி நான்கே ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. எனக்குப் போடுவீங்களா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டதற்கு, "அது எனக்கும் பேனாவுக்கும் உள்ள பேச்சு" என்று சொல்லிவிட்டார். கெட்டிக்கார மனிதர்.

அப்போது டுவேன் குபியாக் ஓட்டுப் போட வந்தான். அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரன், ஊரில் குடியரசுக் கட்சிக்குத் தலைவன், இன்று ஐனாரின் பெட்டியைத் தூக்கப்போகிற ஆறு பேரில் ஒருவன். தபால் ஓட்டுக்கு ஒரு சாட்சி வேண்டும்; ஐனாரின் உறையில் அந்தக் கையெழுத்தும் அவனுடையதுதான்.

"என்னை ஃபிரிட்ஜப் பாத்துத் திரும்பி நிக்கச் சொல்லிட்டுத்தான் போட்டாரு," என்றான். "முடிச்சதும் ஒரு துண்டு ஆப்பிள் பை வெட்டிக் குடுத்தாரு. நாப்பது வருஷத்துல அவர் கையால எனக்கு ஒரு பிஸ்கட் கெடச்சதில்ல. அப்பவே நெனச்சேன், மகளுக்குப் போட்டுட்டாரு, அந்தச் சங்கடத்துக்குத்தான் இது, நம்ம கட்சிக்கு ஒரு ஓட்டு கொறஞ்சுதுன்னு."

"சாவடிக்குள்ள கட்சிப் பேச்சு வேணாம்," என்றாள் மார்லிஸ்.

"சரி, சரி. எண்ணுங்க. நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன்."

லோர்னா மேஜைமேல் கிடந்த சான்றைப் பார்த்தாள். அந்த உறைக்குள் தன் பெயருக்கு நேரே அப்பா மை தீட்டியிருக்கிறார். டுவேன் சொன்னதை அவள் நம்பினாள். கையை நீட்டினால் சான்று அவள் பைக்குள் போய்விடும்.

"அம்மா செத்தப்ப அம்மாவோட தபால் ஓட்டு உறைய ஒதுக்கி வச்சது யாரு, மார்லிஸ்?"

மார்லிஸுக்கும் அது தெரியும். எட்டு வருடத்துக்கு முன், மனைவியை அடக்கம் செய்த மறுநாள், இதே மேஜையில் ஐனார்தான் அந்த உறையைப் பிரிக்காமல் ஒதுக்கினார். அதற்காக லோர்னா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இன்று அந்த மனிதரை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

"எடுத்துக்கோங்க," என்று சான்றை முன்னால் தள்ளினாள்.

மார்லிஸ் உறைமேல் 'இறந்துவிட்டார்' என்று எழுதி, பிரிக்காமலே, எண்ணாத உறைகளுக்கான பழுப்புப் பைக்குள் போட்டாள். டுவேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

பிறகு லோர்னா ஓட்டுப் போடுமுன் கையெழுத்திட, மார்லிஸ் வாக்காளர் பட்டியலைத் திருப்பி நீட்டினாள். ஹாகன், ஐனார். அதற்குக் கீழே ஹாகன், லோர்னா. மேலே அப்பாவின் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. தன் எழுத்து அதில் ஏறிவிடாதபடி, லோர்னா சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள்.