கேப்டன் பொன்னையாவுக்குப் பதிலாக நான்

கேப்டன் பொன்னையா பல் வைத்தியத்துக்காக மதுரைக்குப் போயிருந்ததால், அந்த வருடத்துக் கடல் சாகச நாவலில் நான் கதாநாயகனாக இருக்க வேண்டியிருந்தது. கேப்டன் ஒரு பெருச்சாளி. பெருச்சாளிகளுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கப்பலில் கயிறு கடித்துக் கடித்து அது தானாகத் தேய்ந்துவிடும். போன நாவல் முக்கால்வாசி பாலைவனத்தில் நடந்ததால் அவருக்குக் கடிக்க எதுவும் கிடைக்கவில்லை.

பாளையங்கோட்டையில் பதிப்பகம் நடத்தும் ஹெலன் அம்மா என்னை வரச்சொல்லி இதைத் தெரிவித்தார்.

“உங்கள விட்டா ஆளில்ல, சிவசைலம். சின்ன வயசுலேருந்து ஒரு புஸ்தகம் விடாம வாங்குறீங்க. கப்பல்ல எது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“கேப்டனுக்கும் முதல் புஸ்தகத்துல தெரியாது. எட்டாவது அத்தியாயத்துல தெரிஞ்சுட்டு.”

அது உண்மைதான். நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் சோப்பு, சீப்பு பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். விடுப்பு கிடைத்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி வடிவு, “மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவீயளா?” என்றாள். நாவல் இருநூறு பக்கம் என்றேன். அவள் மாத்திரை டப்பாவை என் பையில் வைத்தாள்.

ஹெலன் அம்மாவின் நாவல்களுக்கு எழுத்தாளர் என்று தனியாக யாரும் கிடையாது. கதாநாயகர் போய் நடத்துவார். நடக்க நடக்க இங்கே அச்சாகும். காகிதக் கிடங்கின் பின்கதவைத் திறந்து படி இறங்கினால் துறைமுகம். கப்பல் தயாராக நின்றது. சுக்கானைப் பிடித்திருந்தவர் பாக்கியம் என்ற ஆமை. அவரை எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது.

“நிலைமை இதுதான் அண்ணாச்சி,” என்றார் பாக்கியம். “நம்ம சமையல்காரன் எசக்கியை முதலை பிடிச்சுட்டுப் போயிட்டான். உப்புத் தீவுல கூண்டுல போட்டிருக்கான். இந்தப் புஸ்தகம் முடியறதுக்குள்ள மீட்டுறணும். இல்லன்னா அட்டை ஒட்டிருவாங்க. பிறகு யாரு எப்பத் திறந்து பாத்தாலும் அவன் கூண்டுக்குள்ளதான் நிப்பான்.”

எசக்கி ஒரு வெள்ளாடு. ஏழாவது நாவலில் புயலுக்கு நடுவில் கப்பலில் எல்லாருக்கும் ரசம் வைத்தவன். அந்தப் பக்கத்தை நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு அடியில் வைத்துப் படித்து அழுதிருக்கிறேன். நங்கூரத்தை எடுக்கச் சொன்னேன்.

பக்கத்தின் ஓரத்தில், எழுத்து இல்லாத வெள்ளை இடத்தில், வாசகர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் அங்கேதான் நிற்பார்கள். நானும் அங்கே நின்றவன்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை காற்று அடிக்கும். கண்ணை எடுத்தால் காற்று நின்றுவிடும்.

பாய் விரித்துப் புறப்பட்ட சற்று நேரத்தில் காற்று நின்றது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“திருநெல்வேலி டவுன்.”

“டவுன்ல எங்க?”

சொன்னேன். அந்தத் தெருவில் இருக்கும் நகைக்கடைச் சொர்ணம் எனக்கு என்ன உறவு என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். உறவில்லை, பழக்கம்தான் என்றேன். எந்த வகையில் பழக்கம் என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் காற்று வந்தது. கப்பல் ஒரு பத்தி அளவுக்கு நகர்ந்தது. பிறகு வேறொருவர் என் சம்பளத்தைக் கேட்டார். சொன்னதும், இந்தச் சம்பளத்தில் இப்படி ஊர் சுற்ற முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அதை அவர்கள் தங்களுக்குள்ளேயே நெடுநேரம் பேசினார்கள். கடல் தேங்காய் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது.

“கேப்டன்கிட்ட இப்படி யாராவது கேட்டிருக்காங்களா?” என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

“பெருச்சாளிகிட்டயா? என்னன்னு கேப்பாங்க?”

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லை. பொன்னையாவுக்கு இனிஷியல் என்ன, எந்த ஆட்கள், பெண் குழந்தை உண்டா, அதற்கு வரன் பார்க்கிறாரா, எதுவும் எனக்குத் தெரியாது. அவர் கயிற்றைக் கடித்தார் என்றால் என் வாயில் நார் கசந்தது. அவருக்குள் எனக்கு எப்போதும் இடம் இருந்தது. எனக்குள் சிவசைலம் ஒருத்தனே இடத்தை அடைத்து உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் அத்தியாயத்தில் புயல் வந்தது. அறுந்து போகவேண்டிய கயிறு ஒன்றைப் பல்லால் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இது நான் சிறு வயதில் கட்டில் காலில் பல முறை செய்து பார்த்தது. ஆனால் வாசகர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். “கட்டின பல்லு மாதிரில்லா தெரியுது, பாத்து,” என்றார் ஒருவர். புயல் பாதியில் நின்றது. மேலே எழும்பிய அலை அப்படியே நிற்க, அதன் மேல் ஒரு மீன் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.

கடைசியில் நானும் பாக்கியமும் துடுப்புப் போட்டே உப்புத் தீவை அடைந்தோம். அப்போது நாவலில் கொஞ்சம் பக்கங்களே மிச்சமிருந்தன.

முதலை பாறையின் கீழே தண்ணீரில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து ஒரு நாற்காலி போட்டது.

“நான் சண்டைக்கு வந்திருக்கேன்,” என்றேன்.

“உக்காருங்க. நீங்க மனுசன்லா?” என்றது முதலை. “உங்க மேல வாயி வச்சா சாகசமா இருக்காது. பேப்பர்ல செய்தியாப் போயிரும்.”

“அப்போ எசக்கியை விட்டுரு.”

“சண்டை போடாம எப்படி விட முடியும்?”

அதற்கும் அதன் நியாயம் இருந்தது. கூண்டுக்குள்ளிருந்து எசக்கி எட்டிப் பார்த்தான். நான் நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தான். தாடியில் உப்பு பூத்திருந்தது.

“கேப்டன் வரலையா?”

“பல் வைத்தியத்துக்குப் போயிருக்கார்.”

“நல்லதாப் போச்சு. ரொம்ப நாளா அவஸ்தைப்பட்டாரு,” என்றான். பிறகு, கூண்டுக் கம்பியைப் பார்த்தபடி, “இங்க ஒரு அடுப்பு கிடைச்சாலும் சமாளிச்சிருவேன்,” என்றான். 

நான் பாறையின் உச்சிக்கு ஏறினேன். மேலிருந்து குதித்து முதலையோடு மோதினால் ஒழிய இந்த நாவல் முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. குதிப்பதற்கு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

“வேண்டாம் அண்ணாச்சி!” என்று வாசகர்கள் கத்தினார்கள். “உங்களுக்கு சுகர் இருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க மொதல்ல.”

“இருக்கு.”

“இந்த வயசுல குதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“வீட்டுல சொல்லிட்டா வந்தீய?”

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் மேல் அக்கறை வந்துவிட்டது, அவ்வளவுதான். அக்கறையோடு ஒருவர் பின் ஒருவராகப் புத்தகத்தை மூடத் தொடங்கினார்கள். மூட மூடத் தீவின் ஓரங்கள் வெளுத்தன. தென்னை மரங்கள் போயின. கூண்டின் ஒரு பக்கம் வெள்ளையானது. பசை காய்ச்சும் வாசனை அடித்தது. பதிப்பகத்தில் அட்டை ஒட்டத் தயாராகிவிட்டார்கள்.

அப்போது வெள்ளை இடத்தில் வடிவு வந்து நின்றாள். அவள் இதுவரை ஒரு நாவலும் படித்ததில்லை. கையில் தூக்குவாளி இருந்தது.

“என்ன எல்லாரும் புஸ்தகத்த மூடிட்டு நிக்கீய?”

“உங்க வீட்டுக்காரரு குதிக்கப் போறாராம். ஒரு மனுசன் செய்யற காரியமா இது?” என்றார் அந்த முன்வரிசைப் பெண்மணி.

வடிவு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். எசக்கியையும் பார்த்தாள். ஜவுளிக்கடையில் பாவாடைத் துணிக்கு நிறம் பொருத்துகிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் குதிக்க வேண்டும் என்று சொன்னதே இல்லை.

“மனுசனா? யாரு சொன்னா?” என்றாள். “இவுக நீர்நாய்லா.”

முன்வரிசைப் பெண்மணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அத மொதல்லயே சொல்லப்படாதா?” என்று புத்தகத்தை விரித்தார்.

காற்று அடித்தது. நின்றுபோன அலை எங்கேயோ தொலைவில் விழுந்து உடைந்தது. தென்னை மரங்கள் திரும்பி வந்தன. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். கைக்கடிகாரம் அப்படியே இருந்தது. குதித்தேன்.

தண்ணீருக்குள் போனதும் நீச்சல் தெரிந்தது. “நீர்நாயா நீங்க? தெரியாமப் போச்சே,” என்று முதலை மகிழ்ந்துபோய் வாலால் ஓங்கி ஓர் அடி வைத்தது. அப்படி ஓர் அடி நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. நான் அதன் வாலைக் கடித்தேன். அது என்னைச் சுழற்றிப் பாறையில் எறிந்தது. வாசகர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். என் முட்டியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் வேட்டியை அவிழ்த்து அதன் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதையும் யாரும் கேட்கவில்லை. நீர்நாய்க்கு வேட்டி எதற்கு?

முதலை முறைப்படி தோல்வியை ஒப்புக்கொண்டு கண்ணை மூடியது. எசக்கியின் கூண்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன். அவன் வெளியே வந்ததும், வெள்ளை இடத்திலிருந்து இறங்கி வந்த வடிவின் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்தான். “சொதி. இஞ்சி கூடிப்போச்சு,” என்றான். “ஆமா, அவசரத்துல வச்சது,” என்றாள் வடிவு. நாலு பேரும் கப்பலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அட்டை ஒட்டினார்கள்.

புத்தகம் நன்றாகப் போனது. நான் வழக்கம்போலப் பண்டகசாலைக்குப் போகிறேன். போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் பதவி உயர்வு பற்றிக் கேட்க வாயெடுத்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் இலையில் இருந்த மீதிப் பாயசத்தை மட்டும் குடித்தார்.

நேற்று மாலை வேலை முடிந்து வந்தபோது வாசல்படி ஈரமாக இருந்தது.

“உங்களத் தேடித் தாமிரபரணி ஆறு வந்திருக்கு,” என்றாள் வடிவு. “நீர்நாய் வீடு இதானான்னு கேட்டுச்சு. கூடத்துல உக்கார வச்சிருக்கேன். காபி குடுத்தேன், சீனி வேண்டாங்குது.”

நான் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.